ரீவேம்ப்: அடி அப்படியே, மேல்பாகம் புதிது

சிங்கப்பூரில் ஆங்கிலச் செய்தி படிப்பவர்கள் ரீவேம்ப் (revamp, இருப்பதை மாற்றிப் புதிதாக்குவது) என்ற சொல்லைச் சந்திக்காமல் ஒரு மாதத்தை ஓட்டுவது கஷ்டம். தேர்வு முறை ரீவேம்ப், ஆர்ச்சர்ட் ரோட்டில் ஏதோ ஒரு கடைத்தொகுதி ரீவேம்ப், பேருந்துத் தடம் ரீவேம்ப், காப்பிக்கடை மெனு ரீவேம்ப். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்களும் முதல் சில அலுவலகக் கூட்டங்களுக்குள் கேட்டுவிடுவார்கள்: "வெப்சைட்டை ரீவேம்ப் பண்ணணும்." சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருவர் மனத்தில் ஓடுவது நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றுவது. பக்கத்து நாற்காலிக்காரர் மனத்தில் ஓடுவது மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவது. பட்ஜெட் வரும்போதுதான் இருவரும் வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தெரியும்.

எனவே இந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது, வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று பார்ப்போம். உதாரணங்கள் எல்லாம் நாம் நடந்து போகிற இடங்களிலிருந்தே கிடைக்கின்றன.

முதலில் உச்சரிப்பு, சுருக்கமாக. வேம்ப் என்பது லேம்ப், கேம்ப் ஆகியவற்றோடு எதுகை போல ஒலிக்கும். அந்த உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. 'வே'க்கும் 'வா'வுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாம் அசையில், அதாவது வேம்ப் மேல். பெயராக வரும்போது பலர் முதல் அசையான ரீ மேல் அழுத்துவார்கள். ரெக்கார்ட் என்ற சொல் வினைக்கும் பெயருக்கும் அழுத்தம் மாறுவது போலத்தான். இதில் தப்பினாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இனி சொல்லின் பிறப்பு. சொல்லாராய்ச்சி என்றாலே பலருக்குக் கொட்டாவி வரும், தெரியும். ஆனால் இந்தச் சொல்லில் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பொருள் பாதி புரிந்துவிடும்.

ஷூவில் வேம்ப் என்று ஒரு பாகம் உண்டு. பாதத்தின் முன்பக்கத்தையும் புறங்காலையும் மூடுகிற மேல்தோல்தான் அது. பழைய பிரெஞ்சு மொழியில் 'முன்' என்ற சொல்லும் 'பாதம்' என்ற சொல்லும் சேர்ந்து 'முன்பாதம்' என்று பொருள்பட ஒரு சொல் இருந்தது. அது ஆங்கிலத்துக்குள் வந்து தேய்ந்து சுருங்கி வேம்ப் ஆனது. முதலில் காலுறையின் பாதப் பகுதியைக் குறித்து, பிறகு ஷூவின் மேல்தோலுக்குப் பெயராக நின்றது. ஷூ எங்கே முதலில் கிழியும்? நடக்கும்போது மடங்கி மடங்கி நிமிர்கிற முன்பாகத்தில்தான். அடித்தோலும் குதிகாலும் நன்றாக இருக்க, மேலே வெடித்துவிடும். காசுள்ளவர் புது ஜோடி வாங்குவார். மற்றவர்கள் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனால் அவர் கிழிந்த மேல்தோலை நீக்கிவிட்டுப் புதுத்தோல் வைத்துத் தைத்துத் தருவார். இந்த வேலைக்கே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேம்ப் என்பது வினையாகவும் ஆனது. 'மறுபடி' என்ற பொருள் தருகிற ரீ முன்னால் ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில்.

வேலை முடிந்ததும் அந்த ஷூ எப்படி இருக்கும் என்று பாருங்கள். பழைய ஷூதான். அளவு அதேதான், அடி அதேதான், உள்ளே கால் பதிந்த தடமும் அதேதான். ஆனால் பார்க்கிறவர் கண்ணில் படுவது புதிய பாகம். இன்றைக்கு ரீவேம்ப் என்று எதைச் சொன்னாலும் இந்த மூன்றும் அதற்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற ஒன்று, அதன் அடித்தளம் தங்குவது, கண்ணுக்குத் தெரிகிற முக்கியமான ஒரு பகுதி மாறுவது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல்லுக்குப் போய்விடுவது நல்லது.

இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தக் காலத்தில் வேம்ப் என்ற வினைக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். ஒட்டுப்போட்டுப் புதிது போலக் காட்டுவது என்ற வாசனை அதில் இருந்தது. ஒரு சாக்கை இட்டுக்கட்டிச் சொல்வதற்கும் அதே வினையைப் பயன்படுத்தினார்கள். ரீவேம்ப் அந்த அழுக்கைப் பெரும்பாலும் கழுவிக்கொண்டுவிட்டது. இப்போது அது 'மேம்பட்டிருக்கிறது' என்ற உறுதிமொழியோடுதான் வருகிறது. முழுக்கக் கழுவிக்கொண்டதா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தை எடுத்துக்கொள்வோம். 1990இல் திறக்கப்பட்ட முனையம் அது. விரிவாக்க, மேம்பாட்டுப் பணிகள் 2020இல் தொடங்கின. அதே ஆண்டு கொவிட் வந்து பயணிகள் இல்லாமல் போகவே முனையத்தையே மூடிவிட்டு வேலை பார்த்தார்கள். 2022இல் பகுதி பகுதியாகத் திறந்து, 2023 நவம்பரில் பணிகள் முழுமையடைந்தன. உள்ளே போனவர்களுக்குத் தெரியும்: புறப்பாட்டுக் கூடத்தில் நான்கு மாடி உயரத்துக்கு மின்னணு அருவி கொட்டுகிறது, எங்கே திரும்பினாலும் செடிகொடி, வளைந்த சுவர்கள், தானியங்கிக் குடிநுழைவுத் தடங்கள். ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கூடுதலாகக் கையாளலாம், மொத்தம் 2 கோடியே 80 லட்சம் பேர். ஆனால் முனையம் அதே இடத்தில், அதே பெயரில், அதே ஓடுபாதைகளுக்குப் பக்கத்தில் அதே வேலையைத்தான் செய்கிறது. ரீவேம்ப் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இந்தத் தீவில் கிடைப்பது அரிது. (படபடவென்று சத்தம் போட்டுப் புரண்டு விமான நேரம் காட்டிய அந்தப் பழைய பலகை இந்தப் பணியின்போதுதான் போனது. எனக்கு இன்னமும் அந்த வருத்தம் உண்டு. ரீவேம்ப் என்றால் பழைய மேல்தோல் குப்பைக்குப் போகும், அதுவும் சொல்லின் பொருளுக்குள் அடக்கம்.)

இதோடு காலாங்கில் இருக்கிற தேசிய விளையாட்டரங்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய அரங்கம் 1973இல் திறக்கப்பட்டது. 2007இல் மூடினார்கள், 2010இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதே இடத்தில் எழுந்த புதிய அரங்கம் 2014இல் திறக்கப்பட்டது. பெயர் அதே, இடமும் அதே. ஆனால் இதை ரீவேம்ப் என்று சொன்னால் ஆங்கிலம் தெரிந்தவர் புருவம் உயர்த்துவார். அடித்தோல் மிஞ்சவில்லையே. இதற்கு ரீபில்ட். குடியிருப்பு வட்டாரத்தில் பழைய அடுக்குமாடியை மொத்தமாக விற்று, இடித்து, உயரமாகக் கட்டுகிறார்களே, என் பிளாக் (en bloc) என்று சொல்கிறோமே, அதற்கும் ரீவேம்ப் பொருந்தாது. அது ரீடெவலப்.

தேசியக் கலைக்கூடம் வேறு கதை. பாடாங் திடலுக்கு எதிரே நிற்கிற பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைக்கப்பட்டு 2015இல் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டன. கட்டடங்கள் இரண்டும் நிற்கின்றன, அடித்தோல் பத்திரம். பிறகு ஏன் ரீவேம்ப் இல்லை? வேலை மாறிவிட்டது. வழக்கு நடந்த இடத்தில் இப்போது ஓவியம் தொங்குகிறது. ஒன்று இன்னொன்றாக ஆகும்போது ஆங்கிலம் கன்வர்ட் அல்லது ரீபர்பஸ் என்ற சொல்லுக்குப் போகும். 'இன்டு' (into) என்ற உருபு தேவைப்படுகிறதா என்று பார்த்தால் போதும், உடனே தெரிந்துவிடும். நீதிமன்றத்தைக் கலைக்கூடமாக மாற்றினார்கள் என்றால் 'கன்வர்ட்டட் இன்டு'. ரீவேம்ப் பின்னால் 'இன்டு' ஒட்டாது. ஒட்டினால் காதில் உறுத்தும்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையைப் பற்றிச் சொல்லாமல் நம்மவர் கட்டுரை எப்படி முடியும்? இப்போதைய கட்டடம் 1982இல் வந்தது. வந்தபோது அதன் அதிகாரப்பூர்வப் பெயர் சூஜியாவ் சென்டர். ஹொக்கியனில் தேக் கா என்று இருந்த பெயரின் மாண்டரின் வடிவம் அது. மக்கள் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. ஆட்டுக்கறி வாங்கப் போகிறவர் தேக்காவுக்குத்தான் போனார். 2000இல் பெயரைத் தேக்கா சென்டர் என்றே மாற்றிவிட்டார்கள். இது ரீநேம், அவ்வளவுதான். கல் ஒன்றுகூட நகரவில்லை. பிறகு 2023இல் மூன்று மாதம் சந்தையையும் உணவங்காடியையும் மூடிவைத்துப் பழுதுபார்ப்பும் வண்ணப்பூச்சும் நடந்தன. அதைச் செய்தித்தாள் ரீவேம்ப் என்று எழுதினாலும் தப்பில்லை, ரிப்பேர் என்று எழுதினாலும் தப்பில்லை. நான் எழுதினால் இரண்டாவதைத்தான் எழுதுவேன். ஓடு மாறி, பெயின்ட் புதிதாகி, அதே கடைகள் அதே ஒழுங்கில் திரும்பி வந்தால் அதை ரீவேம்ப் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. போகிற போக்கில் ஒன்று: தேக் கா என்றால் மூங்கில் அடி, அதில் 'கா' என்பது பாதம். வேம்ப் உள்ளேயும் ஒரு பாதம் ஒளிந்திருக்கிறது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கோயில் திருப்பணியை ஆங்கிலத்தில் ரீவேம்ப் என்று யாராவது எழுதினால் நான் திருத்திவிடுவேன். சவுத் பிரிட்ஜ் ரோட்டு ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது, தேசியச் சின்னம். 2023 பிப்ரவரியில் அங்கே குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன்பு இந்தியாவிலிருந்து கைவினைஞர்கள் வந்து சிலைகளையும் கோபுரத்தையும் சரிசெய்து வண்ணம் தீட்டினார்கள். அந்த வேலையின் நோக்கம் புதுமை கிடையாது. பன்னிரண்டு ஆண்டு வெயிலும் மழையும் செய்ததை நீக்கி, இருக்க வேண்டிய நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோவது. அதற்கு ரெஸ்டோர். இந்த வினை பின்னோக்கிப் பார்க்கும், ரீவேம்ப் முன்னோக்கிப் பார்க்கும். லிட்டில் இந்தியாவும் சைனாடவுனும் கம்போங் கிளாமும் 1989இல் மரபுப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட பிறகு, அங்குள்ள கடைவீடுகளின் முகப்பில் நடக்கிற வேலைகளுக்கும் ரெஸ்டோர்தான் சரி. ஆனால் அதே கடைவீட்டுக்குள் இருக்கிற சாப்பாட்டுக்கடை தன் மெனுவையும் மேசை நாற்காலியையும் மாற்றினால், உள்ளே நடப்பது ரீவேம்ப். ஒரே முகவரி, வாசலுக்கு வெளியே ஒரு வினை, உள்ளே இன்னொரு வினை.

லாவ் பா சாட் என்ற பழைய உணவங்காடி இதில் இன்னும் சுவாரசியம். பெயருக்கே பழைய சந்தை என்றுதான் பொருள். எட்டுமூலை வடிவமும் இரும்புத் தூண்களும் கொண்ட இப்போதைய கட்டடம் 1894ஆம் ஆண்டுக்காரர். 1973இல் தேசியச் சின்னமானது. 1986இல் பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்ததால் அதை அக்கு அக்காகக் கழற்றி எடுத்து வைத்து, பிறகு மறுபடி பொருத்தினார்கள். கழற்றியது டிஸ்மேன்டில், பொருத்தியது ரீஅசெம்பிள், பழைய அழகுக்குக் கொண்டுவந்தது ரெஸ்டோர். அதன் பிறகு உள்ளே கடைகளின் அமைப்பை மாற்றிய ஒவ்வொரு முறையும் ரீவேம்ப். ஒரே கட்டடத்தில் இத்தனை வினைகளையும் பழகிக்கொள்ளலாம். சாத்தே சாப்பிட்டுக்கொண்டே.

வீட்டு விஷயத்துக்கு வந்தால் சிங்கப்பூரர் யாரும் ரீவேம்ப் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் நடப்பது ரினொவேஷன், செல்லமாக ரெனோ. சாவி வாங்கியது புது வீட்டுக்கு என்றாலும் ரெனோதான். அகராதிப்படி பார்த்தால் இது வேடிக்கை, பழையதைப் புதுப்பிப்பதுதானே ரினொவேட்? ஆனால் இந்த ஊர் வழக்கு அப்படி, அதை மாற்ற முடியாது. வீவக தன் பங்குக்குப் பழைய வீடுகளில் கான்கிரீட் பெயர்ந்ததைச் சரிசெய்து, கழிவுநீர்க் குழாய் மாற்றி, விரும்பினால் கழிவறையையும் புதிதாக்கித் தருகிறதே, 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டம், அதை ஊர்வாயில் அப்கிரேடிங் என்பார்கள். துணிமணியில் இன்னொரு வினை: தேக்கா மாடியில் ரவிக்கையைக் கொடுத்துக் கையைச் சின்னதாக்கச் சொன்னால் அது ஆல்டர்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. இந்தச் சொல் உண்மையில் அதிகம் உழைப்பது கண்ணால் பார்க்க முடியாத விஷயங்களில்தான், அதாவது முறைகளில், திட்டங்களில், விதிகளில்.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வையே பாருங்கள். பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரிந்த பிஎஸ்எல்இ. 2021 வரை... சரியாகச் சொன்னால், 2021இல் தேர்வெழுதிய மாணவர்களிலிருந்து மதிப்பெண் முறை மாறியது. அதற்கு முன் டி ஸ்கோர் இருந்தது. உங்கள் பிள்ளை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடும்போது எங்கே நிற்கிறது என்று அது கணக்குப் பார்க்கும். ஒரு புள்ளி கூடக் குறையப் பள்ளி மாறிவிடும். புதிய முறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவு நிலை. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் முதல் நிலை, மற்றவர் எவ்வளவு எடுத்தார் என்பது கணக்கில் வராது. நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை ஒரு எண், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆங்கில ஊடகங்கள் இதை ரீவேம்ப் என்றன. சரியான தேர்வு. ஏனென்றால் தேர்வு ஒழியவில்லை. ஆறாம் வகுப்பில்தான் நடக்கிறது, நான்கு பாடங்கள்தான், அதை வைத்துத்தான் உயர்நிலைப் பள்ளி கிடைக்கிறது. அடி அப்படியே இருக்க, மேலே தெரிகிற மதிப்பெண் மட்டும் மாறியது. 'வெறும் ரீவேம்ப்தானே, தேர்வையே எடுத்தால் என்ன' என்று கேட்ட பெற்றோர்களும் இருந்தார்கள். அவர்கள் சொல்லை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் என்பேன்.

இதற்கு அடுத்து வந்த மாற்றம் இன்னும் ஆழம். விரைவுநிலை, வழக்கநிலை (ஏட்டுக்கல்வி), வழக்கநிலை (தொழில்நுட்பம்) என்று உயர்நிலை மாணவர்களை மூன்று தடத்தில் பிரித்துவைத்த முறை 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து கிடையாது. இப்போது ஒரே வகுப்பில் எல்லாரும் கலந்து உட்கார்ந்து, பாடத்துக்குப் பாடம் வேறு வேறு நிலையில் படிக்கலாம். இதை ரீவேம்ப் என்று சொல்லலாம்தான். நான் ஓவர்ஹால் என்பேன். அந்தச் சொல்லுக்குள் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துத் திரும்பப் பூட்டுகிற வேலை இருக்கிறது. எஞ்சினை மெக்கானிக் செய்வாரே, அது. மறுபுறம், ஒரு படிவத்தில் இரண்டு கேள்வியை நீக்கினால் அது ட்வீக். ட்வீக், ரீவேம்ப், ஓவர்ஹால் என்று மூன்று படி வைத்துக்கொண்டால் அலுவலகத்தில் பாதிச் சண்டை வராது.

சரி, இலக்கணம். இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் மொழியில் மாறு, மாற்று என்று இரண்டு. திருந்து, திருத்து என்று இரண்டு. தானாக நடந்தால் ஒன்று, ஒருவர் செய்தால் இன்னொன்று. ஆங்கிலத்தில் சேஞ்ச், இம்ப்ரூவ் போன்ற வினைகள் இரண்டு வேலையையும் ஒரே வடிவத்தில் செய்யும். ரீவேம்ப் அப்படிச் செய்யாது. அது 'மாற்று' பக்கம் மட்டுமே. செய்கிறவர் ஒருவர் வேண்டும், செய்யப்படுகிற பொருள் ஒன்று வேண்டும். 'கேன்டீன் ரீவேம்ப்ட்' என்று நிறுத்தினால் வாக்கியம் நொண்டும். 'த ஸ்கூல் ரீவேம்ப்ட் த கேன்டீன்' என்று செய்தவரைச் சொல்லுங்கள், அல்லது 'த கேன்டீன் வாஸ் ரீவேம்ப்ட்' என்று செயப்பாட்டில் சொல்லுங்கள். நம்மவர்கள் 'கேன்டீன் ரீவேம்ப் ஆயிடுச்சு' என்று தமிழில் பேசிப் பழகியதால் அந்த 'வாஸ்' அடிக்கடி விழுந்துவிடுகிறது. வேலை நடந்துகொண்டிருந்தால் 'இஸ் பீயிங் ரீவேம்ப்ட்'.

பெயர்ச்சொல்லாகவும் நிறைய வரும். மேஜர் ரீவேம்ப், கம்ப்ளீட் ரீவேம்ப், மச் நீடட் ரீவேம்ப் ஆகியவை செய்தித்தாளுக்குப் பிடித்த சேர்க்கைகள். அண்டர்கோ என்ற வினை இதன் நிரந்தரத் துணை. கடைத்தொகுதிகள் எல்லாம் 'அண்டர்கோ எ ரீவேம்ப்' செய்துகொண்டே இருக்கும். எதை மாற்றினார்கள் என்று சொல்ல 'ரீவேம்ப் ஆஃப்', எதற்காக எவ்வளவு செலவு என்றால் தொகை முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். தலைப்பெழுதுபவர்களுக்கு இந்தச் சொல் மேல் இவ்வளவு காதல் இருப்பதற்குக் காரணம் ரொம்ப எளிது: ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. ரீஸ்ட்ரக்சர் என்று எழுத பதினொன்று வேண்டும். பத்தி அகலத்துக்குள் அடங்குகிற சொல் எப்போதும் ஜெயிக்கும்.

ரீ இருக்கிறதே, அப்படியானால் முதலில் ஒரு வேம்ப் நடந்து, இரண்டாம் முறைதான் ரீவேம்பா என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு இல்லை. முதல் முறை மாற்றினாலும் ரீவேம்ப்தான். அதனால் 'ரீவேம்ப் அகெய்ன்' என்று எழுதினால், ஏற்கெனவே ஒரு முறை ரீவேம்ப் நடந்திருக்கிறது, இது அடுத்தது என்று பொருளாகும். வெறும் அழுத்தத்துக்காக 'அகெய்ன்' சேர்க்காதீர்கள்.

ஆளை ரீவேம்ப் செய்ய முடியாது. ஒருவருடைய உடை அலமாரியைச் செய்யலாம், பொது இமேஜைச் செய்யலாம், வேலை தேடும்போது அனுப்புகிற ரெஸ்யூமேயைச் செய்யலாம். ஆளுக்கு மேக்ஓவர். அதேபோல இன்னும் பிறக்காத ஒன்றையும் ரீவேம்ப் செய்ய முடியாது. 'முதல் முறையாகத் தொடங்கும் எங்கள் ரீவேம்ப்ட் சேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போங்கள். 'ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்பதையும் இதோடு சேர்க்க வேண்டாம். அடியிலிருந்து தொடங்கினால் அடித்தோல் எங்கே மிச்சம்?

தமிழில் என்ன சொல்வது என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில் கிடையாது. சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் முறைகளுக்கு மறுசீரமைப்பு என்று வரும், இடங்களுக்குப் புதுப்பிப்பு என்றோ புதுப்பொலிவு என்றோ வரும். புதுப்பொலிவு எனக்குப் பிடித்த சொல், ஆனால் அது தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. தேர்வு முறைக்குப் புதுப்பொலிவு என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் பவுடர் போட்டுத் தேர்வறைக்கு அனுப்பியது போல இருக்கும். மறுசீரமைப்போ சுமை அதிகம் தூக்குகிறது. ரீஸ்ட்ரக்சர், ரீடெவலப், ரீவேம்ப் மூன்றும் அதன் தலையில். நகர மறுசீரமைப்பு ஆணையம் என்ற பெயரிலும் அதுவே இருக்கிறது. பேச்சில் 'மாத்திக் கட்டுறது', 'புதுசாக்குறது' என்று சொன்னாலே கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. எழுத்தில், எது மாறியது என்பதைச் சொல்லிவிட்டால் எந்தச் சொல் போட்டாலும் பாதகமில்லை. 'மதிப்பெண் முறை மாறியது' என்பது 'தேர்வு மறுசீரமைக்கப்பட்டது' என்பதைவிட நூறு மடங்கு தெளிவு.

இப்போது அந்தப் பழைய அழுக்குக்கு வருவோம். ரீவேம்ப் என்ற சொல்லுக்குள் 'மேம்பட்டது' என்ற தீர்ப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. சேஞ்ச் என்று சொன்னால் 'நல்லதாகவா கெட்டதாகவா' என்று கேட்கத் தோன்றும். ரீவேம்ப் என்று சொன்னால் அந்தக் கேள்வி எழுவதற்குள் செய்தி முடிந்துவிடும். அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். நான் வழக்கமாகப் போகிற ஒரு காப்பிக்கடையை இரண்டு வாரம் மூடிவைத்து 'ரீவேம்ப்ட்' என்ற பலகையோடு திறந்தார்கள். விளக்கு மாறியிருந்தது, மேசை மாறியிருந்தது, தட்டைத் திருப்பி வைக்கும் இடம் மாறியிருந்தது. தே தாரிக்கின் (ஆற்றிய பால் தேநீரின்) ருசி மாறவில்லை, விலை மாறியிருந்தது. புதிய மொந்தையில் பழைய கள் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதற்கென்று தனி வினை தேட வேண்டாம், சில சமயம் ரீவேம்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆகவே இந்தச் சொல்லைப் படிக்கும்போது நான் இரண்டு கேள்வியை வைத்துக்கொள்வேன். எது அப்படியே இருக்கிறது? எது மாறியது? இரண்டுக்கும் செய்திக்குள்ளேயே பதில் கிடைத்தால் அது ஒழுங்கான ரீவேம்ப். வீவக 2024 அக்டோபரில் வீடுகளை ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று மூன்றாக வகைப்படுத்தத் தொடங்கியபோது பதில் தெளிவாக இருந்தது: வீவக வீடு அப்படியே, 99 ஆண்டுக் குத்தகை அப்படியே, முதிர்ச்சியடைந்த பேட்டை, முதிர்ச்சியடையாத பேட்டை என்ற பழைய பிரிவினை போய், இடத்தின் வசதியைப் பொறுத்து மறுவிற்பனை விதிகள் கடுமையாகும் புதிய பிரிவினை வந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, என்ன நடந்தது என்று தெரிகிறது.

அலுவலகத்தில் இந்தச் சொல்லை நீங்களே பயன்படுத்தும்போது கொஞ்சம் நிதானம் தேவை. சக ஊழியரின் அறிக்கையைப் பார்த்து 'நீட்ஸ் எ ரீவேம்ப்' என்று எழுதினால், உங்களுக்கு அது நாகரிகமான கருத்தாகத் தோன்றலாம். படிப்பவருக்கு 'அடி மட்டும் தேறும், மற்றதெல்லாம் கிழிந்துவிட்டது' என்று கேட்கும். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அப்படித்தான் கேட்க வேண்டும். இரண்டு பத்தியும் ஒரு வரைபடமும் மாறினால் போதும் என்றால் எடிட் என்றே எழுதுங்கள். உண்மையிலேயே ரீவேம்ப் வேண்டுமென்றால் எதைத் தொட வேண்டாம் என்பதை முதலில் எழுதுங்கள்: 'தரவுகளும் முடிவும் அப்படியே இருக்கட்டும், சொல்கிற வரிசையை மட்டும் ரீவேம்ப் செய்யலாம்.' வெப்சைட் கூட்டத்திலும் இதையே செய்யலாம். பழைய முகவரிகள், பயனர் கணக்குகள், பின்னால் ஓடுகிற கட்டண முறை என்று தங்க வேண்டியவற்றைப் பலகையில் ஒரு பக்கம் எழுதிவிட்டால், நிறம் மாற்ற நினைத்தவருக்கும் இடித்துக் கட்ட நினைத்தவருக்கும் ஒரே விலைப்புள்ளி கேட்க முடியும்.

அகராதியில் வேம்ப் என்று தேடினால் ஷூ தவிர இன்னும் இரண்டு கிடைக்கும். ஆளை மயக்குகிற பெண்ணைக் குறிக்கும் வேம்ப், வேம்பயர் என்ற இரத்தக்காட்டேரியின் சுருக்கம். அதற்கும் நம் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இசையில் வருகிற வேம்ப், பாடகர் தயாராகும்வரை ஒரே சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒப்பேற்றுவது. அது செருப்புத் தைப்பவரின் வேம்ப்போடு பிறந்ததுதான்: கையில் இருப்பதை வைத்து ஒட்டுப்போட்டுச் சமாளிப்பது.